எண் இல்லாத பொருள்

பூவன்பழத்தால் செய்த அந்தப் படகு நாற்பத்தொரு ஆண்டுகளாக அழுகவில்லை. தூத்துக்குடி சமகாலக் கலைக்கூடத்தின் நடுக்கூடத்தில் கமகமவென்று மணத்துக்கொண்டு நின்றது.

அதற்குக் காவல் நின்ற ராயப்பனுக்கு வயது முப்பத்துநாலு. தலை முழுக்க நரைத்திருந்தது.

“போன வாரம் லீவுல இருந்தேன்க்கா, ஒண்ணுமில்ல. நேத்து டூட்டிக்கு வந்தேன், ரெண்டு பல்லு விழுந்துட்டு,” என்றான், கூடத்துப் பொருள்களுக்கு எண் போட்டுக் கணக்கு வைக்கும் பதிவாளர் கிளாரிந்தாவிடம்.

பழைய உப்புக் கிடங்கில் இந்தக் கூடத்தைத் தொடங்கியவர்கள் பெரிய ஆசைக்காரர்கள். பழம், கருவாடு, பனையோலை என்று கையில் கிடைத்ததிலெல்லாம் கலை செய்யவைத்தார்கள். முதல் பத்தாண்டுச் சேகரிப்பு புழுத்துக் குப்பைக்குப் போனது. பிறகுதான் மூப்புமாற்றி வந்தது. மூப்பை அழிக்க அந்த இயந்திரத்தால் ஆகாது, இடம் மாற்றத்தான் முடியும். எண் பெற்ற பொருளிலிருந்து உறிஞ்சி, கட்டடத்துக்குள் எண் இல்லாத ஏதோ ஒன்றில் இறக்கிவிடும். அதற்கென்றே நிலவறையில் பழைய மரச்சட்டங்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.

கிளாரிந்தா நிலவறையைத் திறந்தாள். சட்டம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் மூப்பேறி உதிர்ந்து, கணுக்கால் உயரத்துக்குத் தூசிதான் கிடந்தது.

இயக்குநர் போனில் பதறினார். “மெஷினை நிறுத்திராதீங்க! நிறுத்துனா இத்தனை வருஷ மூப்பும் ஒரே மணிநேரத்துல திரும்பிரும், கூடமே காலி. பேசாம ஸ்டாஃபுக்கும் நம்பர் போட்டுருங்க.”

வார்னிஷ் ஒரு பூச்சு, மேலே கறுப்பு மையில் எண், மறுபடி வார்னிஷ். கண்ணில் படாத இடத்தில் எழுதுவது தொழில் வழக்கம். ஊழியர்கள் வரிசையாக உட்கார்ந்து குதிகாலைக் காட்டினார்கள்.

“நீங்க வீட்டுக்குப் போயிருங்கக்கா. எட்டு வருஷம் காத்துக் கெடந்து உண்டான பிள்ள,” என்றான் ராயப்பன்.

“வருசக் கணக்கெடுப்ப யாரு முடிக்கது? பிள்ளைக்காவத்தான் சொல்லுதேன், எனக்கும் போடு.”

ஆறு மாத வயிற்றோடு அவளால் குனிய முடியவில்லை. அவனே எழுதினான்: 1187.

அதன்பின் யாருக்கும் பல் விழவில்லை. கிளாரிந்தா நிம்மதியாகச் சாப்பிட்டாள், தூங்கினாள்.

பத்தொன்பதாம் நாள், கணக்கை முடிக்கும்போது மூப்புமாற்றியின் திரையைப் பார்த்தாள். இறக்கிய மூப்பு: அறுபத்திரண்டு ஆண்டு. இறக்கிய இடம்: பதிவாளர் அறை.

அவளுடைய அறை. மேசை, நாற்காலி, தண்ணீர் பாட்டில் என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் எண் இருந்தது. கண்ணாடியைத் தரையில் சாய்த்துத் தன் குதிகாலையும் பார்த்தாள். எண் அழியவில்லை.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே அவள் சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. பெட்டிக்கு ஒரு எண், உள்ளே இருப்பதற்குத் தனி எண்.

வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். போன மாதம் உதைத்துத் துள்ளிய பிள்ளை இப்போது மெல்ல, நோவு பார்த்துப் பார்த்து, ஒருக்களித்துப் படுத்தது.

“ராயப்பா! மையக் கொண்டா! சீக்கிரம்!”

அவன் ஓடிவந்தான். வயிற்றில் சின்னதாய் ஒரு குதிகால் முட்டிக்கொண்டு நின்றது. தூரிகையை அதன்மேல் கொண்டுபோனாள். நடுவில் அவளுடைய தோல் இருந்தது. அதற்கு ஏற்கெனவே எண் போட்டாயிற்று.