கலையாத வெள்ளிப் புள்ளி

உத்தமபாளையம், 1979. காலை ஆறு மணி. மாடியிலிருந்து வந்த அலறலில் சல்மா தூக்கம் கலைந்து ஓடினாள்.

அவளைப் பெற்ற அத்தா உமர் பாருக் மேசை மேல் கவிழ்ந்து கிடந்தார். கல்லூரியில் பௌதிகம் கற்றுக்கொடுத்தவர். மேசை விளக்கின் தோல் உரிந்த வயரை அவர் கை இறுக்கிப் பிடித்திருந்தது. உடம்பு விறைத்திருந்தது. பக்கத்தில் அவர் தம்பி, சின்னத்தா இப்ராஹிம் தலையில் அடித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் இருந்தது மூன்றே பேர்.

சல்மாவுக்கு அழுகைகூட வரவில்லை. கண் மட்டும் அறையைச் சுற்றியது. கட்டிலில் விரிப்பு இருந்தது, தலையணை இல்லை.

அடுத்த தெருவிலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் அய்யாத்துரை பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். அந்த விளக்குக்கு வயர் மாற்றிய எதிர்வீட்டுச் சின்னச்சாமியையும் பிடித்து இழுத்து வந்தார்.

"ஏலே, வயர் மாட்டத் தெரியாதா ஒனக்கு? ஒரு உயிர் போயிருச்சே!"

"எம் பிள்ளைக மேல சத்தியமா நல்லாத்தான் மாட்டுனேன் ஐயா!"

"ராத்திரியே ஷாக் அடிச்சிருக்கு சார்," என்றார் இப்ராஹிம். "மாடி பியூஸ் அப்பவே போயிருக்கு. இப்ப வந்து பார்த்தா விளக்கு எரியல. அண்ணன் கட்டையாக் கெடக்காக."

சின்னச்சாமியின் கையில் விலங்கு ஏறியது. அப்போதுதான் விளக்குக்குக் கீழே இருந்த கண்ணாடித் தட்டைச் சல்மா பார்த்தாள். அதிலிருந்த தண்ணீருக்கு அடியில், கறுப்பு மை தடவிய இடத்தில், மிளகளவு ஒரு வெள்ளிப் புள்ளி.

அவள் தட்டின் மேல் குனிந்தாள்.

"சார், இங்கன வந்து இதைப் பாருங்க. சீக்கிரம்!"

"தண்ணியில என்னம்மா?"

"வெள்ளிப் பெயிண்டுப் பொடி. அத்தா செஞ்ச சோதனை. விளக்கு வெளிச்சம் பட்டு அந்தக் கறுப்பு சூடாகும். அங்கன சூட்டுத் தண்ணி மேல ஏற ஏற, சுத்தியிருக்கிற தண்ணி பொடியை இழுத்துக்கிட்டு வரும். பொடி அங்கனயே மாட்டிக்கிரும்."

"அதுக்கு?"

"விளக்கு எரியுற வரைக்குந்தான் சார் மாட்டும். அணைச்சா அரை மணியில கலைஞ்சிரும். எத்தனையோ தடவை அத்தா காட்டியிருக்காக. ராத்திரியே பியூஸ் போயிருந்தா இது எப்படி இன்னும் நிக்குது?"

அய்யாத்துரை குனிந்தார். அவர் கண்ணெதிரே புள்ளியின் ஓரம் நெகிழ்ந்தது. இரண்டு மூன்று துகள்கள் பிரிந்து நீந்தின.

"அப்ப விளக்கு இப்பத்தான் அணைஞ்சிருக்கு," என்றார் மெதுவாக. "ஆனா உடம்பு விறைச்சு ரொம்ப நேரமாச்சு."

"ஷாக்குல சாகல சார். கொன்னுட்டு, கையில வயரைக் கொடுத்திருக்காக. ஷாக்குன்னா பியூஸ் போயிருக்கணுமேன்னு விடிஞ்சுதான் ஞாபகம் வந்து, அதைப் பிடுங்கியிருக்காக." சல்மா இப்ராஹிம் பக்கம் திரும்பினாள். "காலையில எனக்கு முந்தி மாடிக்கு வந்தது நீங்க ஒருத்தர்தானே, சின்னத்தா?"

தண்ணீரில் தூசி பிடிக்கிற வேலை என்று அண்ணனைக் கேலி செய்தே பழகியவர் இப்ராஹிம். ஒருநாளும் அந்தத் தட்டை அவர் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார்.

இப்ராஹிமின் கட்டிலுக்கு அடியில் அந்தத் தலையணை கிடைத்தது. உறையில் அத்தாவின் வெற்றிலைக் கறை, வாய் அகலத்துக்கு.

"திராட்சைத் தோட்டத்தை விக்கவே மாட்டேன்னுட்டாக..." என்றார் இப்ராஹிம்.

விலங்கு கை மாறியது. சின்னச்சாமி வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

சல்மா தட்டைத் திரும்பிப் பார்த்தாள். புள்ளி கலைந்து, தண்ணீர் முழுக்க வெள்ளி மினுங்கியது. அத்தா இருந்திருந்தால் இந்நேரம் மறுபடி விளக்கைப் போட்டிருப்பார்.