அத்திமரத்துத் தராசு

பிள்ளையைக் கையில் தூக்கிப் பார்த்து, இளைத்ததா தேறியதா என்று சொல்ல இப்போதெல்லாம் ஒருத்தருக்கும் துப்பில்லை. தராசு முள்ளைப் பார்க்கிறார்கள். முள் ஏறினால் பிள்ளை தேறிவிட்டதாம், இறங்கினால் நோஞ்சானாம். கிழவர் லாபுகேனிக்கு இந்தக் கூத்தே பிடிக்காது. மகள் ஃபைனெசி வரமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டதால்தான், பேத்தி தலந்திராவை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு அவரே வந்திருந்தார். மாதம் ஒருமுறை மிஷன் ஆஸ்பத்திரிக்காரர்கள் மலாவியின் அந்த மேட்டுக்காட்டுக்கு வந்து, சோளக்காட்டோரத்து அத்திமரத்தடியில் பிள்ளைகளை எடை போடுவார்கள்.

“பாருங்கடி, தாத்தாவுக்குப் பால் சுரந்துடுச்சு!” என்றாள் வரிசையில் ஒருத்தி.

“உன் புருஷனை அனுப்பு, அவனுக்கும் தர்றேன்.”

பெண்கள் குலுங்கிச் சிரித்தார்கள். கிழவர் சிரிக்கவில்லை.

கிளையில் தராசு தொங்கியது. அதன் கொக்கியில், பிள்ளையின் கால் நுழைய இரண்டு ஓட்டை வைத்த நீலத் துணிப்பை. காற்று செத்துக் கிடந்தது. புழுதியில் உதிர்ந்து அழுகிய அத்திப்பழங்களின் புளித்த நாற்றம் நகராமல் தேங்கி நிற்க, ஓர் இலைகூட அசையாத அந்த மரத்தில், அந்த வெற்றுப் பை மட்டும் யாரோ இப்போதுதான் இறங்கிப்போன ஊஞ்சலைப்போல மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

அவர் வேறு பக்கம் பார்த்தார். காலையில் ஃபைனெசி சொன்னது காதிலேயே நின்றது. “போன மாசம் இவளைப் பையில வச்சப்போ உள்ள ஏற்கெனவே ஒரு சூடு இருந்துச்சுப்பா. யாரோ உட்கார்ந்திருந்த மாதிரி.”

யாரைச் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியும். பிறந்தது இரட்டை. இன்னொன்று ஆஸ்பத்திரியிலேயே செத்துப் பிறந்தது. குரல் எழுப்பாமல் போன பிள்ளைக்கு அழுது துக்கம் கொண்டாடும் வழக்கம் அங்கே கிடையாது. வயதான பெண்கள் துணியில் சுற்றி, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஆண்கள் போகக் கூடாத மூலையில் புதைத்துவிட்டு வந்தார்கள். வீட்டுப் பக்கம் கொண்டுபோய்ப் புதைப்போம் என்று ஃபைனெசி கெஞ்சினாள். “செத்ததை இவ்வளவு தூரம் எவன் சுமப்பான்?” என்று கேட்டவர் இவர்தான்.

இன்று அவர் வந்தது, நோஞ்சான் பிள்ளை தேறக் கொடுக்கும் வேர்க்கடலைப் பசைப் பொட்டலத்துக்காக. எடை இறங்கியிருந்தால்தான் கொடுப்பார்கள். அது கிடைக்காவிட்டால் தலந்திரா இந்த மழைக்காலத்தைத் தாண்டமாட்டாள். ஆனால் மாதாமாதம் முள் ஏறிக்கொண்டே போனது. முதுகில் கட்டிய பிள்ளையோ இறங்கிக்கொண்டே போனாள்.

எடை போடும் முன் மிஷன்காரர்கள் செய்யும் ஜெபம் முடிந்தது. நர்ஸ் எஸ்நாத் கூப்பிட்டாள். கிழவர் பிள்ளையைப் பைக்குள் இறக்கினார். விரல்களில் சூடு பட்டது. வெயில் சூடு என்று சொல்லிக்கொண்டார். பை நிழலில் தொங்கியது.

முள் ஓடியது. நின்றது.

“நல்லா ஏறியிருக்காளே!” என்றாள் எஸ்நாத்.

“இவ காலைப் பாரும்மா. கோழிக்கால் இதைவிடத் தடிமன்.”

“நீங்க காலைப் பாக்குறீங்க தாத்தா, நான் எடையைப் பாக்குறேன்.”

“உன் தராசு துருப்பிடிச்சுப்போச்சு.”

“காலையிலதான் கல்லைத் தொங்கவிட்டுச் சரிபாத்தேன். சும்மா சண்டைக்கு வராதீங்க.”

பைக்குள் தலந்திரா ஓரமாக ஒடுங்கினாள். பாயில் பக்கத்தில் படுப்பவருக்கு இடம் விடுவதுபோல. பிறகு, பல வாரமாகச் சிரிக்காத பிள்ளை, பக்கவாட்டில் பார்த்துச் சிரித்தாள்.

கிழவர் அவளை வெடுக்கென்று தூக்கினார். சோளச் சருகு மாதிரி கனமே இல்லாமல் கையோடு வந்தாள்.

முள் கொஞ்சம் இறங்கியது. கொஞ்சம்தான்.

பை காலி. அடித்துணி புடைத்திருந்தது. கால் ஓட்டைகள் இரண்டும் விரிந்து நின்றன. வட்டமாக. இறுக்கமாக.

கிளை முனகியது.

எஸ்நாத் தராசின் கண்ணாடியைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். முள் அசையவில்லை. வரிசையில் பெண்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள்.

“அதுகிட்டப் பேசுங்க தாத்தா,” என்றாள் கேலி செய்த அதே பெண். “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுங்க.”

“துருகிட்ட என்னத்தைப் பேச?” கிழவர் எஸ்நாத்தின் பக்கம் திரும்பினார். “இப்பவாவது பொட்டலத்தைக் கொடு.”

அவள் கண்கள் பையை விட்டு அகலவில்லை. “எடை... எடை நல்லாத்தானே இருக்கு தாத்தா,” என்றாள்.

அவர் காறித் துப்பினார். பேத்தியை முதுகில் கட்டி, முடிச்சை நெஞ்சில் இறுக்கிக்கொண்டு நடந்தார்.

பின்னால் ‘டக்’கென்று ஒரு சத்தம். முள் பூஜ்யத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஒரு பெண் அலறினாள்.

அவர் திரும்பவில்லை. “பாத்தியா? துருதான்,” என்றார் பிள்ளையிடம்.

சோளக்காட்டுத் திருப்பத்தில் முடிச்சு நெஞ்சை அறுத்தது. துணி கீழே இழுத்தது. முதுகு வளைந்தது.

இடது தோளில் தலந்திராவின் மூச்சு. இழைபோல.

வலது தோளிலும் ஒன்று. பலமாக.

“துருப்பிடிச்ச தராசு,” என்று முனகிக்கொண்டே கிழவர் நடந்தார்.