ஆறாம் நாள் நிட்டை

பங்குனி மாதத்துப் பூரணைக்கு முந்திய நாள். மேற்கே தென்னஞ்சோலைகளுக்குப் பின்னால் செங்கதிரோன் சாய்ந்துகொண்டிருக்க, கிழக்கே கடலின் விளிம்பில் வெண்மதி தலைகாட்டிய அந்த வேளையில், காவிரியின் கிளைகளுள் ஒன்று கடலைத் தழுவும் நீலமுகத்துறையின் நீர்ப்பரப்பு ஒருபுறம் பொன்னாகவும் மறுபுறம் வெள்ளியாகவும் மின்னிக்கொண்டிருந்தது. வடகரையில் புலிக்கொடி பறக்கும் கடற்கோட்டை. ஆற்றின் நடுவே, புன்னை மரங்கள் அடர்ந்த சிறு தீவில், கடல் வணிகர்கள் எழுப்பிய பௌத்த விகாரை. கோட்டையிலிருந்து அந்தத் தீவை நோக்கிச் சென்ற படகில் ஒரு பெண் அமர்ந்திருந்தாள்.

வீரநாரணி என்பது அவள் பெயர். கோட்டைத் தலைவர் வெண்காட்டரையரின் ஒரே மகள். ஏழு ஆண்டுகளுக்கு முன், அவளுக்கு மணம் பேசி முடித்திருந்த பூவணன் என்னும் குதிரைப்படை வீரன், மணிநாகத் தீவுக்குச் சென்ற தூதுக்குழுவின் காவலனாகக் கப்பலேறினான். தூதர்களுக்குத் தீங்கு செய்வதில்லை என்ற வாக்கைத் தீவரசன் மீறினான். தூதுக்குழுவில் ஒருவரும் திரும்பவில்லை. இறந்தார்கள் என்ற செய்தியும் வரவில்லை. வேறு வரன் பார்க்கலாம் என்று தந்தை இரண்டு முறை பேச்செடுத்தார். இரண்டு முறையும் மகள் எழுந்து போய்விட்டாள். அப்புறம் அவர் கேட்கவேயில்லை.

அவள் சிவயோகத்தில் அமரத் தொடங்கியது அதன் பிறகுதான். அறிபவனும் அறியப்படும் பொருளும் அறிவும் ஒன்றாய்க் கரையும் நிலையே சமாதி. அங்கே ஆன்மா தன் சொந்த ஒளியில் நிற்கும். ஏக்கம் என்பதற்கு அங்கே இடமில்லை. ஆகமம் கற்றோர் அவளுக்கு இப்படித்தான் சொல்லியிருந்தார்கள். ஏக்கமில்லாத இடம் ஒன்று உண்டென்றால் அங்கே போய்விடலாம் என்று அவள் நினைத்ததில் வியப்பென்ன, வாசகர்களே? வைகறைதோறும் கோயில் நந்தவனத்தில் கண் மூடி அமர்வாள். அலையோசை அடங்கும். பறவையொலி அடங்கும். மூச்சும் மெலிந்து நூலாகும். எல்லாம் அடங்கிய பிறகு ஒரே ஒரு முகம் மட்டும் அடங்காமல் நிற்கும். எதற்கெடுத்தாலும் சிரிக்கும் முகம். அவள் அதை விரட்டுவாள். அது மீண்டும் வரும். கன்னம் நனைந்தபடி எழுந்து வீடு திரும்புவாள்.

அன்று அவளைத் தீவுக்கு அனுப்பியவர் காய்ச்சலில் படுத்திருந்த தந்தை. கோட்டைப் பொறுப்பைத் தற்காலிகமாக ஏற்றிருந்த உபதளபதி வயிரமேகன் விசித்திரமான செய்தி ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். கடல்வழியே வந்த பிக்கு ஒருவர் இன்றோடு ஆறு நாட்களாக விகாரையில் அசையாமல் அமர்ந்திருக்கிறாராம். அவர் பகைவரின் ஒற்றன், நிட்டை வெறும் நடிப்பு என்பது வயிரமேகனின் கட்சி. பழுக்கக் காய்ச்சிய இரும்பை மேனியில் வைத்துச் சோதிக்க வேண்டும், நடுங்கினால் அங்கேயே தலையைக் கொய்ய வேண்டும் என்று அனுமதி கேட்டான். துறவிக்குத் தீங்கு செய்தால் குலத்துக்குப் பழி வரும் என்று அரையர் அஞ்சினார். ஒற்றனை விட்டுவைக்கவும் அஞ்சினார். கடைசியில் சோதனைக்கு இசைந்து, முறை தவறாமல் நடக்கிறதா என்று பார்க்கத் தமக்குப் பதிலாக மகளை அனுப்பினார்.

விகாரையின் பின்மண்டபத்தில் அந்தப் பிக்கு அமர்ந்திருந்தார். மழித்த தலை, ஒடுங்கிய கன்னம், மடிமேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த கைகள். மார்பு ஏறி இறங்குவதாகவே தெரியவில்லை. வீரநாரணி அவர் எதிரே நெடுநேரம் நின்றாள். இத்தனை ஆண்டுகள் தான் தட்டித் தட்டித் திறக்காத கதவு இந்த மனிதனுக்கு எப்படித் திறந்தது என்ற பொறாமைகூட அவள் நெஞ்சில் எழுந்தது. அந்த முகத்தில் துயரமில்லை, மகிழ்ச்சியுமில்லை. குடியிருந்தவர்கள் வெளியே போயிருக்கும் வீட்டைப் போல இருந்தது அது.

விகாரைத் தலைவர் குணபத்திர தேரரிடம், இவர் முக்தி அடைந்துவிட்டாரா என்று மெல்லக் கேட்டாள்.

"இல்லை, மகளே" என்றார் தேரர். "இது நான்காம் தியானம். இன்பமும் துன்பமும் ஓய்ந்து, மூச்சும் ஓய்ந்த நிலை. உங்கள் சமயத்தார் இதைப் போன்றதொரு நிலையை வீடுபேற்றின் வாசல் என்பார்கள். எங்கள் புத்தர் பெருமானோ இதையெல்லாம் எய்திய பின்னும் 'தேடியது இதுவல்ல' என்று எழுந்து நடந்தவர். கலங்கிய குளம் தெளிந்தால் அடியில் கிடப்பது தெரியும். தெளிவது வேறு, கண்டுகொள்வது வேறு."

அதற்குள் வயிரமேகன் வீரர்களுடன் வந்துவிட்டான். கொல்லுலைச் சட்டியில் இரும்புக்கோல் செந்நிறமாகக் கனன்றுகொண்டிருந்தது. தேரர் தடுத்துப் பார்த்தார், பயனில்லை. கோல் பிக்குவின் இடது முன்கையில் படிந்தது. தசை பொசுங்கும் நாற்றம் மண்டபமெங்கும் பரவியது. ஒரு வீரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வீரநாரணி தூணைப் பற்றிக்கொண்டாள். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

பிக்குவின் இமைகூட அசையவில்லை.

வாயிலில் கூடியிருந்த வணிகர்களும் செம்படவர்களும் கைகூப்பித் தரையில் விழுந்தார்கள். வயிரமேகனின் முகம் கறுத்தது. கூட்டத்தின் முன்னால் வாளை உருவ அவனால் முடியவில்லை. முன்வாசலில் நால்வரைக் காவல் வைத்துவிட்டு, விடிந்ததும் வருவதாகச் சொல்லிக் கூட்டத்தையும் விரட்டிக்கொண்டு சென்றான்.

மண்டபம் வெறிச்சோடியதும் தேரர் வீரநாரணியின் அருகே வந்தார். அமர்வதற்கு முன் இந்தப் பிக்கு தம்மிடம் ஒன்று கேட்டுக்கொண்டதாகச் சொன்னார். வெண்காட்டரையரின் இல்லத்திலிருந்து ஒருவர் தனியே நிற்கும்போது மட்டும் தம்மை அழைக்க வேண்டும். அந்த அழைப்புக்கே எழுவதாக உறுதி பூண்டு நிட்டையில் இறங்குகிறேன் என்றாராம்.

தேரர் குனிந்து, பிக்குவின் செவியருகே மும்முறை மெல்ல அழைத்தார்.

முதலில் ஒன்றும் நிகழவில்லை. பிறகு நெஞ்சுக்குழி ஒரு முறை அசைந்தது. கழுத்து நரம்பு துடித்தது. இமைகள் மெதுவாகத் திறந்தன. அந்தக் கண்கள் தேரரைப் பார்த்தன, தீய்ந்த கையைப் பார்த்தன, அவளிடம் வந்து நின்றன. ஆளற்ற வீட்டுக்குள் யாரோ திரும்பி வந்து விளக்கேற்றியது போல அந்த முகம் மாறியது.

வீரநாரணி ஓரடி முன்னால் வந்தாள். கனவிலும் நனவிலும் அவள் விரட்டிய முகத்தின் எதிரே ஒரு நாழிகை நின்றும் அவள் அதை அறிந்துகொள்ளவில்லை.

"நாரணி" என்றான் பூவணன். ஆறு நாள் வறண்ட தொண்டையில் குரல் உடைந்தது.

தேரர் நீர் கொண்டுவரும் சாக்கில் விலகினார். அவனுக்கோ நலம் விசாரிக்கவும் நேரமில்லை, வந்த செய்தியைச் சுருக்கமாகச் சொன்னான். மணிநாகத் தீவின் ஆறு போர்க்கப்பல்கள் பூரணைக்கு மறுநாள் விடிவதற்குள் இந்தத் துறைக்கு வருகின்றன. கோட்டையின் கடல்வாசலை உள்ளிருந்து திறந்துவிடப் பொன்னுக்கு இசைந்திருப்பவன் வயிரமேகன். இதைத் தீவின் சிறையில் அறிந்துதான் பூவணன் தப்பி வந்தான். கரையேறிய அன்றே வயிரமேகனின் ஆட்கள் சந்தேகப்பட்டு விகாரையைச் சூழ்ந்துகொண்டார்கள். சித்திரவதையில் வாய் திறந்துவிடுவோமோ என்று அஞ்சி, எந்தச் சித்திரவதையும் எட்டாத இடத்துக்குள் போய் அமர்ந்துவிட்டான்.

கடல்வாசலின் திறவுகோலை இன்றே வயிரமேகனிடமிருந்து கைப்பற்றிவிடுவதாகவும், தந்தையின் மெய்க்காவலர்களைக் கொண்டு வயிரமேகனைப் பிடித்துக் கட்டிவிடுவதாகவும் அவள் சொன்னாள். ஆற்றை எதிர்த்துச் சென்றால் மேல்கரையில் அரசரின் படை பாசறையிட்டிருந்தது, அதை அழைத்துவருவது அவன் பொறுப்பு. பின்துறையில் அவளுடைய படகு காத்திருந்தது.

படித்துறைக்கு நடக்கும்போதுதான் அவள் கேட்டாள். "அந்த நிட்டையை எங்கே கற்றீர்கள்?"

"சிறையில். என் அறையில் முதிய பிக்கு ஒருவர் இருந்தார். உன்னை மறக்க வேண்டும் என்று அவரிடம் கெஞ்சினேன். மறக்காவிட்டால் பித்துப் பிடித்துவிடும் போலிருந்தது."

"மறந்தீர்களா?"

"உள்ளே இருக்கும் வரையில் நீ இல்லை, நாரணி. நானுமில்லை. எழுந்தவுடன் முதலில் வருவது நீதான். முதியவரிடம் சொன்னபோது சிரித்தார். புல்லின்மேல் கல்லை வைத்திருக்கிறாய், கல்லை எடுத்தால் புல் தழைக்கும், வேரைப் பார் என்றார். இன்னும் பார்த்து முடியவில்லை."

அவள் தலைகுனிந்தாள். "எனக்கு அந்தக் கல்கூடக் கிடைக்கவில்லை" என்றாள். பிறகு, தன்னை மீறிவந்த ஆவலுடன், அரசரின் படையோடு அவனும் கோட்டைக்குத் திரும்புவானல்லவா என்று கேட்டாள்.

பூவணன் தன் மேலிருந்த காவியாடையைத் தொட்டுக் காட்டினான். அது அந்த முதியவருடையது. அவருக்கு விடுதலை வந்த அன்று, அவருடைய ஆடையை அணிந்துதான் அவன் சிறையை விட்டு வெளியே நடந்தான். அவனுடைய கந்தலைப் போர்த்துக்கொண்டு அவர் அவன் இருந்த இடத்தில் அமர்ந்திருக்கிறார். இத்தனை நாளில் காவலர்கள் கண்டுகொண்டிருப்பார்கள். உயிரோடு வைத்திருக்கிறார்களோ இல்லையோ, அவரை மீட்கத் திரும்புவேன் என்று அவன் சொல் கொடுத்திருந்தான்.

நிலவு இப்போது புன்னைக் கிளைகளுக்கு மேலே வந்திருந்தது. போகாதீர்கள் என்று ஒரு சொல் சொன்னால் அவன் நின்றுவிடுவான் என்பது அவளுக்குத் தெரிந்தது. அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"இந்த ஆடை எனக்கு வேடமாகத்தான் வந்தது" என்றான் அவன். "இப்போது வேடம்தானா என்று எனக்கே தெரியவில்லை. பொய்யாக இதை அணிந்து உன் முன்னால் வாழ்நாள் முழுதும் நிற்கமாட்டேன். பொய்யாக இதைக் களைந்துவிட்டு உன் கைபற்றவும் மாட்டேன். உரியவரிடம் இதை ஒப்படைப்பேன். அதன்பின் துறவியாகவோ உன் பூவணனாகவோ, எதுவானாலும் நானே வந்து உன் முகத்துக்கு நேரே சொல்வேன். இந்த நதி சாட்சி."

வீரநாரணி படித்துறையின் கடைசிப் படியில் இறங்கினாள். இரு கைகளிலும் ஆற்றுநீரை அள்ளினாள்.

"நானும் ஒன்று சொல்கிறேன், கேட்டுவிட்டுப் போங்கள். இத்தனை காலம் தங்கள் முகத்தைத் துரத்துவதற்காக அமர்ந்தேன். இனி துரத்தமாட்டேன். நாள்தோறும் அமர்வேன், அது வந்தால் வரட்டும் என்று அதையே பார்ப்பேன், அதன் வேர் தெரியும் வரை பார்ப்பேன். தாங்கள் வந்து சொல்லும் சொல் எதுவானாலும், அதை அழாமல் கேட்கக்கூடியவளாக இங்கே இருப்பேன். இது என் சபதம்."

நீரை ஆற்றிலேயே விட்டாள். பூவணன் தீய்ந்த கையையும் நல்ல கையையும் சேர்த்துக் கூப்பினான். படகு ஓசையின்றி நிழலுக்குள் நழுவி, மேல்கரையை நோக்கித் திரும்பியது. அவன் ஒரு முறைதான் திரும்பிப் பார்த்தான். அந்த ஒரு முறையில், ஏழாண்டுகளுக்குப் பிறகு, சிரித்தான்.

வீரநாரணி அழுதாள். அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வயிரமேகனின் காவலர்கள் நின்ற முன்வாசல் வழியாகவே நிமிர்ந்து நடந்தாள். பிக்கு நிட்டை கலையாமல் இருக்கிறார், அருகே எவரும் போக வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, தேரரின் ஓடத்தில் கோட்டைக்குப் புறப்பட்டாள். இரவு முதல் ஜாமம் முடிவதற்குள் மெய்க்காவலர்கள் வயிரமேகனைக் கட்டிப்போட்டிருந்தார்கள், கடல்வாசலின் திறவுகோல் அவள் இடையில் இருந்தது.