தம்பியின் புள்ளி

தம்பியின் புள்ளியில் மீசைக்காரர் முகம் இருந்தது.

அவளுக்கு முதலில் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. சாயத் தொழிற்சாலையின் புள்ளிவிவர அறையில், நடுப்பகலில், யார் எத்தனை வருடம் வேலை பார்த்தார்கள், கடைசியாக அளந்தபோது ஒரு மூச்சில் எவ்வளவு காற்று ஊதினார்கள் என்று வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாள். வெறும் புள்ளி பார்க்க நன்றாக இல்லையாம். ஒவ்வொரு புள்ளிக்கும் பதிலாக அந்தந்த ஆளின் அடையாள அட்டைப் படத்தை வைக்கச் சொன்னார் மேலாளர். நாளை வரும் விருந்தினர்கள் பார்த்து உருக வேண்டுமாம். ஒரு முகமூடி வாங்கித் தர மூக்கால் அழுகிற மனிதர் அவர்.

காலை வரை வரைபடத்தின் அடியில் ஏழு முகங்கள் கிடந்தன. ஏழு பேரும் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிக் கழுவியவர்கள்; ஏழு பேரும் செத்துப்போனவர்கள். எல்லோருக்கும் கீழே மீசைக்காரர். உயிரோடிருந்தவரை, எதிரில் பார்த்தால் அவளைக் "கணக்கம்மா" என்று சீண்டாமல் போகமாட்டார். அந்த ஏழு பேருக்கும் நேர் மேலே, எட்டாவதாக, அவள் தம்பி. அதே தொட்டியில் இன்றும் இறங்குகிறவன்.

அன்று காலையில்தான் மேலாளர் வந்து திரையைத் தட்டினார்.

"அந்த ஏழை எடுத்துடுங்க."

எண்ணைச் சொன்னாரா, ஆளைச் சொன்னாரா? அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

"அதை எடுத்துட்டா வர்றவங்க தொட்டியை மூடச் சொல்ல மாட்டாங்க சார்."

"தொட்டி இருந்துட்டுப் போகட்டும். உங்க தம்பியை அங்கேருந்து மாத்திடறேன். போதுமா?"

போதும் என்று தலையாட்டிவிட்டாள். அதை நினைக்க நினைக்கத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் அளவுப் பட்டியலில் அந்த ஏழு பேரின் வரிகளையும் அழித்தாள்.

இப்போது தம்பியின் புள்ளியில் அந்த முகத்தைப் பார்த்ததும், பிழை எங்கே என்று உடனே புரிந்தது. படங்களை ஆளின் எண்ணோடு பொருத்தாமல் வரிசைப்படி பொருத்தியிருந்தாள். அளவுகளில் ஏழு போய்விட்டன, படங்களில் ஏழும் அப்படியே இருந்தன. அதனால் செத்தவர்கள் மேலேறி, உயிரோடிருப்பவர்களின் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். கற்றுக்குட்டி செய்கிற தப்பு. அந்த ஏழு படங்களையும் பட்டியலிலிருந்து நீக்கி, மறுபடி வரையச் சொன்னாள்.

மீசைக்காரர் அங்கேயே இருந்தார்.

மூடிய ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்த, உள்ளே குளிர்சாதனக் காற்றையும் மீறி, ஊறிப்போன சாயமும் அழுகிய முட்டையும் கலந்த தொட்டி வாடை மேசைக்கடியிலிருந்து எழுந்து அவள் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. கணினியின் விசிறிச் சத்தம், யாரோ குழாய் வழியாக மூச்சை இழுத்து, விடமுடியாமல் நிறுத்தி, மறுபடி இழுப்பது போல மாறிக்கொண்டே வந்தது. முகத்தைப் பெரிதாக்கினாள். அட்டைப் படத்தில் அவர் வாய் மூடியிருக்கும். இதில் பாதி திறந்திருந்தது. மீசை நனைந்திருந்தது.

தம்பியின் படத்தைத் தனியாகத் திறந்தாள். அதிலும் மீசைக்காரர்.

தம்பிக்குப் போன் போட்டாள். நான்காவது மணியில் எடுக்கப்பட்டது.

"டேய், எங்கடா இருக்க?"

ஓர் இழுப்பு. நிறுத்தம். இழுப்பு.

"வெளியதான் நிக்கிறேன் கணக்கம்மா." மீசைக்காரர் குரல். நிதானமாக. "நல்ல வெயில்."

"என் தம்பி எங்க?"

"மாத்தியாச்சே. நீங்கதானே சரின்னு சொன்னீங்க."

"அவன் என்னய்யா பண்ணான்? அந்தாளு இருக்கான்ல, மேல, குளுகுளுன்னு உக்காந்துக்கிட்டு? அவனைப் போய்ப் பிடிக்க வேண்டியதுதானே."

"அவர் படம் உங்க வரைபடத்துல இல்லையே."

போன் அணைந்தது.

மேலாளரைத் திட்டினாள். தன்னைத் திட்டினாள். அழித்த வரிகளைத் திரும்பக் கொண்டுவந்தாள். விரல் நழுவியது. மறுபடி. வரை. வரைந்து தொலை.

அடியில் ஏழு புள்ளிகள் வந்தன. ஏழிலும் முகம். செத்தவர்களின் இடத்தில், ஏழு பேரும் இதுவரை உயிரோடிருந்தவர்கள்.

எல்லோருக்கும் கீழே, மீசைக்காரர் இருந்த இடத்தில், தம்பி.

முகமெல்லாம் நீலச் சாயம். கண் திறந்திருந்தது. வாய் திரைக் கண்ணாடியோடு அழுந்தியிருந்தது. அவள் கையை வைத்தாள். திரை ஈரமாக இல்லை. ஈரம் உள்பக்கம்.

அவன் வாய்க்கு நேரே ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது, முன்னைவிடச் சிறிதாக.