முந்திக்கொண்ட விலை

போன் அலறியபோது ரமோனா எஸ்பினோ அன்றைய முதல் காபியை உதட்டருகே கொண்டு போயிருந்தாள்.

"போலீஸா..? கோலெட்டிஸ் பந்தயக் கவுண்டருக்குப் பின்னாடி, பார்க்கிங்ல ஒரு ஆள் கிடக்கறார். மண்டையில ரத்தம். மூச்சு இல்ல..."

காபி அப்படியே மேஜைக்குப் போனது.

சூதாட்ட ஊரான ரீனோவில் பந்தயம் கட்டாதவன் ஒன்று கைக்குழந்தையாக இருப்பான், இல்லையென்றால் பிணமாக இருப்பான். இன்று பந்தயம் கட்டுகிறவனே பிணமாகியிருந்தான்.

வால்ட் ஓஸ்டர்மன். வேலையை விட்டுவிட்ட கணக்கு வாத்தியார். ஊர் கண்டுகொள்ளாத சின்னச் சின்னக் காலேஜ் ஃபுட்பால் ஆட்டங்களை அக்குவேறு ஆணிவேறாக அலசிப் பந்தயம் கட்டி, ஜெயித்துக்கொண்டே இருந்தவர்.

சிமென்ட் படியின் விளிம்பில் பின்மண்டை மோதியிருந்தது. சட்டைப் பொத்தான்கள் பிய்ந்திருந்தன.

"தானா விழல. யாரோ சட்டையைப் பிடிச்சுத் தள்ளியிருக்காங்க" என்றாள் ரமோனா.

"ஆமா மேடம்" என்றான் கான்ஸ்டபிள் ஹாங்க் டட்டில். அவன் கையில் 'லக்கி வேகன்' பந்தயக் கம்பெனி இனாமாகக் கொடுத்த காபி மக். அந்தக் கம்பெனியில் வாராவாரம் தோற்கிறவர்களுக்கு அந்த மரியாதை உண்டு.

இருவரும் கவுண்டருக்குள் போனார்கள்.

சுவர் முழுக்கப் பந்தய விலைகள் எரியும் பெரிய போர்டு. அதன் கீழே ஸ்டாவ்ரோஸ் கோலெட்டிஸ் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தொடும் கிரேக்கர். வாலிபத்திலிருந்தே பந்தயம் வாங்கும் புக்கி. கண்கள் சிவந்திருந்தன.

"வால்ட் உங்ககிட்ட நிறைய ஜெயிச்சிருக்கார் போல..." என்றாள் ரமோனா.

"வாராவாரம்."

"அப்போ உங்களுக்குத்தான் அவர் மேல காண்டு இருக்கணும்."

"ஆபீசரம்மா... அவன் என் கண்ணு. தன் கண்ணை எவனாவது நோண்டிப்பானா..?"

"புரியற மாதிரி சொல்லுங்க."

"ஒரு ஆட்டத்துக்கு, இத்தனை பாயின்ட் வித்தியாசத்துல ஜெயிக்கணும்னு நான் ஒரு விலை போடுவேன். வால்ட் வந்து ஒரு பக்கம் கட்டுவான். அவன் கட்டினா என் விலை தப்புன்னு அர்த்தம். உடனே திருத்துவேன். அவன்கிட்ட கொஞ்சம் தோத்து, திருத்தின விலையை வெச்சு ஊர்கிட்ட சம்பாதிப்பேன். ஜெயிக்கறவனை விரட்டினா நான் குருடன்."

ரமோனாவுக்கு நம்பிக்கை வரவில்லை. பணத்தைத் தோற்றுவிட்டு நன்றி சொல்கிற ஆளை அவள் சர்வீஸில் பார்த்ததில்லை.

கதவு திறந்தது.

உள்ளே வந்தவன் ப்ரென்ட் ஹால்வர்சன். பக்கத்துக் கட்டட 'லக்கி வேகன்' மேனேஜர். மடிப்புக் கலையாத சூட், பளீரென்ற பல்வரிசை.

"மேடம், நான் சாட்சி சொல்ல வந்தேன். காலையில இவருக்கும் வால்ட்டுக்கும் பின்பக்கம் வாய்ச்சண்டை. என் கண்ணால பாத்தேன்."

"பொய்" என்றார் கோலெட்டிஸ். "இன்னிக்கு அவன் முகத்தையே நான் பாக்கல."

"நீங்களும் புக்கிதானே ஹால்வர்சன்..? உங்ககிட்ட வால்ட் ஜெயிக்கலயா?" என்றாள் ரமோனா.

ஹால்வர்சன் சிரித்தான்.

"எங்களுது வேற கடை மேடம். பொழுதுபோக்குக் கடை. பியரை வெச்சுக்கிட்டு, இருபது டாலர் கட்டி, ஜாலியா தோத்துட்டுப் போறவன்தான் எங்க கஸ்டமர். அவனுக்கு மக் உண்டு, போனஸ் உண்டு. எவனாவது தொடர்ந்து ஜெயிச்சா அவன் கட்டற லிமிட்டை அஞ்சு டாலரா வெட்டிடுவோம். வால்ட்டைப் போன வருஷமே வெட்டியாச்சு. அப்புறம் எனக்கும் அவருக்கும் என்ன இருக்கு..? பெருசுதான் ஜெயிக்கறவனை உக்கார வெச்சு விருந்து போட்டார். எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

"நீங்களும் இவரை மாதிரிதான் விலை போடுவீங்களா?"

"அந்த மண்டைக்குடைச்சல் நமக்கெதுக்கு..? பெருசு போர்டை அப்படியே காப்பி அடிப்போம். அவர் மாத்தினா நாங்க மாத்துவோம். சின்னக் காலேஜ் ஆட்டமெல்லாம் எங்க ஆபீஸ்ல ஒருத்தனுக்கும் தெரியாது."

காரணம் இருந்தது. இடம் இருந்தது. சாட்சியும் வந்துவிட்டது. ரமோனா கைவிலங்கை எடுத்தாள்.

"எழுந்திரிங்க மிஸ்டர் கோலெட்டிஸ்."

கிழவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இந்த வயசுல உள்ள போனா நான் வெளிய வரமாட்டேன்மா. அதைக்கூட விடுங்க... வால்ட்டை நான்தான் கொன்னேன்னு ஊர் பேசுமே. அதை எப்படித் தாங்குவேன்..?"

ஒரு கையில் விலங்கு ஏறியது.

"என்ன அக்கிரமம் மேடம் இது..." என்று முனகினான் ஹாங்க். போர்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஹாங்க், உன் பந்தயப் புலம்பலைக் கேக்கற நேரமா இது?"

"இல்ல மேடம்... சில்வர் க்ரீக், நான் படிச்ச காலேஜ். நேத்து சாயங்காலம் லக்கி வேகன்ல, மூணு பாயின்ட்டுக்கு மேல ஜெயிச்சா காசுன்னு இருந்துச்சு. இன்னிக்குக் காலையில, உங்க போன் வர்றதுக்கு முன்னாடி கட்டப் போனா, ஆறுன்னு ஏத்தி வெச்சிருக்கானுங்க. நானும் கட்டித் தொலைச்சேன். இங்க வந்து பாத்தா இன்னும் அதே மூணு..."

ரமோனாவின் கை பாதியில் நின்றது.

"மிஸ்டர் கோலெட்டிஸ், அந்த ஆட்டத்தோட விலையை இன்னிக்கு மாத்தினீங்களா?"

"எதுக்கு மாத்தணும்..? அந்த ஆட்டத்துல பெரிசா கட்டறவன் வால்ட் ஒருத்தன்தான். அவன்தான் இன்னிக்கு வரவே..."

கிழவரின் தலை மெல்ல ஹால்வர்சன் பக்கம் திரும்பியது.

"மெஷின்... தானா மாத்தியிருக்கும்" என்றான் ஹால்வர்சன். பல்வரிசை காணாமல் போயிருந்தது.

"எதைப் பாத்து காப்பி அடிச்சுது..?" ரமோனா போர்டைக் காட்டினாள். "இங்க மூணுதானே எரியுது?"

ஹால்வர்சன் கதவுப் பக்கம் ஒரு அடி நகர்ந்தான்.

"வால்ட் எந்தப் பக்கம் கட்டப் போறார்னு பெருசுக்கே தெரியாது. உனக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு. அப்போ இன்னிக்குக் காலையில அவர் கடைசியா பேசினது உன்கிட்ட."

ஹால்வர்சன் கதவை நோக்கிப் பாய்ந்தான். கதவை அடைத்துக்கொண்டு ஹாங்க் நின்றான். மக்கில் இருந்த சூடான காபி சூட்டின் மேல் கொட்டியது. லக்கி வேகன் கொடுத்த இனாம் முதல் தடவையாக உபயோகப்பட்டது.

நாற்காலியில் சரிந்தவன் கரகரத்த குரலில் சொன்னான்.

"லிமிட்டை வெட்டியும் அவன் விடல. பியர்க் குடிகாரனுங்க மாதிரி ஆளுங்களை அனுப்பி, எங்ககிட்டயே கட்ட வெச்சான். இன்னும் ஒரு மாசம் இப்படிப் போனா என் சீட்டைக் கிழிச்சிடுவோம்னு ஹெட் ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. காலையில படிக்கட்டுல மடக்கினேன். சிரிச்சான் மேடம். 'இன்னிக்கு சில்வர் க்ரீக் கட்டப் போறேன். போய் விலையை ஏத்திக்கோ. ஆனா பெருசு மாத்தற வரைக்கும் உனக்குக் கை வராதே'ன்னான். பிடிச்சுத் தள்ளினேன்..."

"அப்புறம் நேரா கடைக்குப் போய் விலையை ஏத்தினியா? ஒரு ஆளைச் சாகடிச்சுட்டு..?"

"அவன் ஆளுங்க வந்து கட்டிடுவாங்களேன்னு..."

ரமோனா கிழவரின் கையிலிருந்த விலங்கைக் கழற்றி ஹால்வர்சனுக்குப் பூட்டினாள்.

"மன்னிச்சுடுங்க" என்றாள் கிழவரிடம்.

அவர் தலையை மட்டும் அசைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், சில்வர் க்ரீக் வரிசையில் மூன்றை அழித்து ஆறு என்று ஏற்றினார். வால்ட் வந்து கட்டியிருந்தால் என்ன செய்திருப்பாரோ அதைத்தான் செய்தார். பிறகு உட்கார்ந்து அழுதார்.

வாசல்வரை போன ஹால்வர்சன் திரும்பினான்.

"பெருசு... இத்தனை வருஷமா புக்கியா இருக்கீங்க. சொல்லுங்க. நான் தப்பிக்க வாய்ப்பு இருக்கா?"

கோலெட்டிஸ் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தார்.

"நீ தப்பிச்சுடுவேன்னு எவனாவது பந்தயம் கட்டறதா இருந்தா இங்க அனுப்பு தம்பி. எவ்வளவுன்னாலும் வாங்கிக்கறேன். நம்ம கவுண்டர்ல லிமிட்டே கிடையாது."