பால் டம்ளரின் அடியில்

மருத்துவர் சிட்டுவின் முழங்காலைச் சுற்றி நாடாவை வைத்து அளந்தார். சீட்டில் இருந்த பழைய அளவைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“ஒரு வாரம் மருந்து சாப்பிட்டும் வீக்கம் கொஞ்சங்கூடக் குறையலையே” என்றார், அம்மாவையும் அப்பாவையும் பார்த்து. “கொஞ்சம் வெளியே வாங்க, பேசணும்.”

மூவரும் கதவுக்கு அந்தப் பக்கம் போனார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தனியாக உட்கார்ந்திருந்த சிட்டுவுக்கு வயது பத்து. ஓரிடத்தில் நிற்காமல் பறந்துகொண்டே இருந்ததால் அப்பா வைத்த பெயர் அது. இப்போது மூன்று வாரமாக நொண்டிக்கொண்டிருந்தாள். முழங்கால்தான் வீங்கியிருந்தது, காது நன்றாகவே கேட்டது! பெரியவர்களுக்கு அது மட்டும் ஏனோ மறந்துவிடுகிறது.

“மருந்துக்குக் கேக்கல. நாளைக்கே ஆபரேஷன் பண்ணி மூட்டைச் சுத்தம் பண்ணிடலாம்” என்றார் மருத்துவர்.

“வேற வழியே இல்லையா டாக்டர்?” அப்பாவின் குரல் கம்மியது.

“அவகிட்ட எதுவும் சொல்ல வேண்டாம். பயந்துடுவா” என்றாள் அம்மா.

 மருந்து ஏன் கேட்கவில்லை என்பது இந்த உலகத்தில் சிட்டு ஒருத்திக்குத்தான் தெரியும்.

முதல் நாள் மாத்திரையைக் கசக்கிறது என்று துப்பிவிட்டாள். மறுநாள் அம்மா மாத்திரையே தரவில்லை. சர்க்கரை தூக்கலாகப் போட்டுப் பால் தந்தாள். டம்ளரின் அடியில் வெள்ளையாக ஏதோ பொடி. நாக்கில் வைத்தால் அதே கசப்பு!

“பால்ல என்னம்மா கலந்திருக்கே?”

“ஒண்ணுமில்லடி, வெறும் பாலுதான். மடமடன்னு குடி.”

சிட்டுவுக்குச் சுருக்கென்றது. அம்மாவே பொய் சொல்கிறாளா? அன்றிலிருந்து, அம்மா தலை மறைந்ததும் பாலெல்லாம் கைகழுவும் தொட்டிக்குப் போனது. வெறும் பால்தானே, கொட்டினால் என்ன என்று ஒரு வீம்பு.

இப்போது உண்மையைச் சொன்னால் அம்மா தாங்கமாட்டாள். சொல்லாவிட்டாலோ, வெளியே அப்பா ஆபரேஷன் படிவத்தில் கையெழுத்துப் போடப் பேனா கேட்டுக்கொண்டிருந்தார்.

சிட்டு சுவரைப் பிடித்தபடி நொண்டி நொண்டிப் போய்க் கதவைத் திறந்தாள்.

“அப்பா, கையெழுத்துப் போடாதீங்க. நான் மருந்தே சாப்பிடல. பாலையெல்லாம் கொட்டிட்டேன்.”

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. “அடிப்பாவி! ஏன்டி இப்படிப் பண்ணே?”

“நான் கேட்டேனேம்மா. நீ வெறும் பாலுன்னு சொன்னே. மருந்துன்னு சொல்லியிருந்தா அழுதுக்கிட்டாவது குடிச்சிருப்பேன்.”

 அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

மருத்துவர் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். சிட்டுவைக் கட்டிலுக்கு அழைத்துவந்து, தாமும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“தப்பு என்மேலயும் இருக்கு. உன் காலைப் பத்தி உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. மூட்டுக்குள்ள நீர் கோத்திருக்கு. மாத்திரை சாப்பிட்டு மூணு நாள் பார்க்கலாமா?”

“குறையலேன்னா?”

“ஆபரேஷன்தான். தூங்க வச்சுப் பண்ணுவோம், அப்போ தெரியாது. முழிச்சதும் வலிக்கும்.”

சிட்டு யோசித்தாள். “சரி, மாத்திரையை நானே போட்டுக்கறேன். ஆனா முழுங்கினதும் ஒரு ஸ்பூன் சர்க்கரை வேணும்.”

“ரெண்டு ஸ்பூனாவே தரேன்” என்றாள் அம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மூன்றாம் நாள் வீக்கம் பாதி குறைந்திருந்தது.

“ஆபரேஷன் வேண்டாம்” என்றார் மருத்துவர். “மீதி நீரை ஊசியால எடுத்துட்டா சீக்கிரம் நடக்கலாம். இன்னிக்கா, அடுத்த வாரமா? நீயே சொல்லு.”

“ஊசியைக் காட்டுங்க.”

நீளமான ஊசிதான். சிட்டு எச்சிலை விழுங்கினாள்.

“இன்னிக்கே எடுத்துடுங்க டாக்டர். அம்மா பக்கத்துல இருக்கணும்.”

ஊசியைப் பார்த்ததுமே அம்மா முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். சிட்டு அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“கொஞ்சம் வலிக்கும்மா” என்றாள். “ஆனா சீக்கிரம் முடிஞ்சிடும்.”