வாளியில் சேர்ந்த தண்ணீர்

பின்பால்கனியில் ஏசித் தண்ணீர் பிடிக்க வைத்திருந்த பச்சை வாளி நிறைந்து, வழிந்து, தரையெல்லாம் ஓடியிருந்தது. இரண்டு நாளாக மகள் சித்தி வீட்டில் இருந்தாள். ஏசி ஓடும் அவள் அறையில் ஆளே இல்லை. துணியைக் காயப்போட்டால் அரைமணியில் மொறமொறவென்று ஆகிவிடுகிற வறண்ட கோடையில், மகள் படுத்துத் தூங்கும் நாட்களில்கூட அரை வாளிதான் சேரும்.

ஏசியை அவர்கள் அணைப்பதில்லை. வீட்டை விற்ற பெரியவர் சாவி கொடுக்கும்போது, "அணைச்சு அணைச்சுப் போட்டாத்தான் கெட்டுப்போகும், ஓடிக்கிட்டே இருக்கட்டும்" என்றார். கணவன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். மனைவி சொல்வதைத்தான் அவன் நாலு பேரிடம் கேட்டுச் சரிபார்ப்பான். ஆறு வாரமாக அந்தப் பழைய இயந்திரத்தின் கரகரப்பு, சுவர் வழியே சமையலறை வரை வந்து, குக்கர் சத்தத்திலும் குழாய்ச் சத்தத்திலும் கலந்து, ஈரச்சாக்கு வாடையோடு வீடெங்கும் பரவிக் கிடந்தது.

காலையில் மகளைச் சித்தி கொண்டுவந்து விட்டுப் போனாள். பின்னாலேயே மெக்கானிக் வந்தான். மூடியைக் கழற்றி, உள்ளே ஒட்டியிருந்த, வருஷம் போட்ட சீட்டைப் பார்த்துச் சிரித்தான்.

"அக்கா, ஒரு ஏசிக்குப் பத்து வருஷம்தான். நல்லா பாத்துக்கிட்டா பதினஞ்சு. இதுக்கு இருபத்திரண்டு! தாத்தா எப்ப வேணா மண்டையைப் போடுவாரு."

"தண்ணி ஏன்ப்பா இவ்வளவு வருது?"

"ஏசி தண்ணியை உண்டாக்காதுக்கா. ரூம்ல இருக்கற ஈரத்தைத்தான் இழுக்கும். நாம விடற மூச்சும் அதுல சேத்திதான்."

"ரெண்டு நாளா ரூம்ல யாருமே இல்லையே."

அவன் வாளியை எட்டிப் பார்த்தான். "இதென்ன, நாலு பேரு ஓடிவந்து மூச்சு வாங்கின மாதிரியில்ல இருக்கு?" என்று சிரித்தவன், அறைக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு சிரிக்கவில்லை. போட்டுவைத்த டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

மத்தியானம் மகளை அங்கே படுக்கவைக்க அம்மாவுக்கு மனசே ஒப்பவில்லை. ஆனால் வெயிலில் துவண்ட ஐந்து வயதுப் பிள்ளையை வேறெங்கே கிடத்துவது? மகள் கண்ணயரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு குட்டி மூச்சு, ஒரு நீள மூச்சு. பிறந்ததிலிருந்தே மகள் தூங்கும் விதம் அதுதான். அதைக் கேட்டால் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

கூடத்துக்கு வந்து பெரியவருக்குப் போன் போட்டாள்.

"நின்னுடுச்சா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"இல்லீங்க, ஓடுது. பழசாச்சே, மாத்திடலாம்னு..."

"புதுசை மாட்டி ஓடவிட்டுட்டு, அப்புறம் பழசைக் கழட்டும்மா. நடுவுல ஒரு நிமிஷம்கூட நிக்கக் கூடாது."

"ஏன் அப்படிச் சொல்றீங்க?"

"இத்தனை வருஷமா அது இழுத்து இழுத்துத்தான், அந்த ரூம்ல இருக்கறது மெலிஞ்சு கெடக்குது."

அவள் பதில் சொல்ல வாய் திறந்தாள்.

கரகரப்பு நின்றது.

ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கரண்ட் இருக்கிறது. ஏசி மட்டும் நின்றுவிட்டது.

போனைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். கதவுப்பிடி சில்லென்று கையில் ஒட்டியது. உள்ளே வெக்கை ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. குளிர். எலும்புக்குள் இறங்கும் குளிர். ஜன்னல் கண்ணாடி முழுக்க உள்பக்கம் வேர்த்திருந்தது.

மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் வாயிலிருந்து வெள்ளையாகக் குட்டி மூச்சு. இன்னொன்று. பிறகு நீளமாக ஒன்று.

அது மேலே போகவில்லை.

பக்கவாட்டில் போனது. பக்கத்திலிருந்த காலித் தலையணைக்கு. யாரோ உறிஞ்சிக் குடிப்பதுபோல. தலையணையிலிருந்து பெரிதாக ஒரு மூச்சுப்புகை வந்தது. கட்டிலின் கால்மாட்டிலிருந்து இன்னொன்று. கதவுக்குப் பின்னாலிருந்து ஒன்று. அம்மாவின் கன்னத்தில் ஒரு மூச்சு பட்டு ஈரமானது.

பாய்ந்தாள். மகளை வாரித் தோளில் போட்டாள். அறைக்கு வெளியே வந்தாள்.

"குட்டி. குட்டிம்மா. எழுந்திருடா."

மகளின் உதடு உலர்ந்து வெடித்திருந்தது. அதன் முன்னே உள்ளங்கையை வைத்தாள். எதுவும் படவில்லை.

திரும்பிப் பார்த்தாள். கசங்கிய படுக்கையில் மகள் படுத்திருந்த குழிவு அப்படியே இருந்தது. அதிலிருந்து வெள்ளையாக, இரண்டு குட்டி மூச்சு, ஒரு நீள மூச்சு, வந்துகொண்டே இருந்தது.